மூக்கும் காதும் விறாண்டியும்

யானையிறவு என்ற பெயர் யானைகளால் வந்தது. வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகள் அந்தக் கடனீரேரியை இறங்கிக் கடந்துதான் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் போயின. ஊர்காவற்றுறையில் அவற்றைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வன்னியின் குறுநில ஆட்சியாளர்களான வன்னியர்கள் யாழ்ப்பாண அரசருக்கும், அவருக்குப் பின் போர்த்துக்கேயருக்கும், பிறகு ஒல்லாந்தருக்கும் திறையாகக் கட்டியதும் யானைதான்.

அந்த யானைகளைப் பிடித்த வல்லுநர்களில் பேர்போனவர்கள் பணிக்கர்கள். 1845 இல் இலங்கைக்குக் குடியேற்ற நாட்டுச் செயலாளராக வந்த எமர்சன் ரெனன்ற் அவர்களின் வேலையை வியந்து எழுதி வைத்திருக்கிறார். முறிந்த ஒரு குச்சி, மண்ணில் பட்டும் படாமலும் பதிந்த ஒரு தடம், இவை போதும். யானை எவ்வழியே போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். துப்பாக்கியை நம்பாமல், தோல் வார்க் கயிற்றை மட்டும் கையில் கொண்டு பின்னால் நெருங்கிப் பின்னங்காலில் சுருக்குப் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விலங்கு அடுத்து என்ன நினைக்கும் என்று தெரிந்திருந்தால்தான் அந்தத் தொழிலில் உயிரோடு இருக்கலாம். மண்ணைப் பார்த்து இன்னொரு மனத்தை அறியும் தொழில் அது.

அதே மண்ணில் ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறொரு தொழில் பிறந்தது.

2000 ஏப்ரலில் யானையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபின், போர்முனை வடக்கே நகர்ந்து முகமாலையில் நின்றது. கிளாலியில் தொடங்கி நாகர்கோவில் கடற்கரை வரை நீண்ட அந்தக் கோடு 2009 ஜனவரி வரை போர்முனையாகவே இருந்தது. இடையில் போர்நிறுத்தம் வந்தது, A9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. இரு தரப்பும் மாறி மாறி மிதிவெடிகளைப் புதைத்தன. பாகிஸ்தானின் P4, சீனாவின் 72 ஆம் வகை, புலிகள் தாங்களே செய்த மரப்பெட்டி ‘ஜொனி 95’, பிளாஸ்ரிக் உடல் கொண்ட ‘ரங்கன் 99’ எல்லாம் ஒரே மண்ணுக்குள் கிடந்தன. தலையிழந்த பனைகள் மட்டும் மேலே நின்றன. முகமாலை, இத்தாவில், வேம்பொடுகேணி மக்கள் தங்கள் காணியைப் பார்க்கப் பல ஆண்டுகள் மண்டையோட்டுப் பலகைகளுக்கு இப்பால் நிற்க வேண்டியிருந்தது.

மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய நிறுவனங்கள் 2002 போர்நிறுத்தத்தோடு இலங்கையில் வேலை தொடங்கின. 2009 க்குப் பிறகு டாஷ் போன்ற உள்ளூர் நிறுவனங்களும் சேர்ந்தன. இராணுவமும் தன் பிரிவைக் களத்தில் இறக்கியது. மண்ணுக்குள் இருப்பதை அறிய இவர்களிடம் இருந்தவை மூன்று: கருவி, நாய், மனிதர். மூன்றும் ஒரே பொருளைத் தேடுவதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் மூன்றுக்கும் தெரிவது மூன்று வேறு உலகங்கள்.

கருவிக்கு மிதிவெடி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது உலோகம் மட்டும். இந்தக் கதை 1881 இல் வோஷிங்டனில் தொடங்குகிறது. சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியோடு வந்தார். கருவி ஓயாமல் ஒலித்தது. குண்டு இருந்த இடம் தெரியவில்லை. மெத்தைக்குள் இருந்த உலோகச் சுருள்களையும் அது சேர்த்தே கேட்டது என்று சொல்லப்படுகிறது. அறுபது ஆண்டு கழித்து, 1941 இல், போலந்துப் பொறியியலாளர் யோசெஃப் கொசாட்ஸ்கி போர்க்களத்துக்கு ஏற்ற கையடக்க மிதிவெடி காட்டியை உருவாக்கினார். மறு ஆண்டு எல் அலமெய்ன் போரில் அது பயன்பட்டது. இருந்தாலும் பெல்லின் மெத்தைச் சிக்கல் தீரவே இல்லை. முகமாலை முழுவதும் அத்தகைய ஒரு மெத்தைதான். எறிகணைத் துண்டு, துப்பாக்கி ரவை, முட்கம்பி, தகரம் என்று ஒவ்வொரு சதுர மீற்றரிலும் உலோகம் இறைந்து கிடந்தது. தேட வேண்டிய P4 இலும் 72 ஆம் வகையிலுமோ ஊசியளவு உலோகமே இருக்கிறது. கருவியின் உணர்திறனை உயர்த்தினால் எல்லாவற்றுக்கும் கத்தும். தாழ்த்தினால் வெடியைத் தவறவிடும்.

நாய்க்கு உலோகம் ஒரு பொருட்டில்லை. வெடிமருந்தின் ஆவிதான் அதன் உலகம். அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் பயிற்றப்பட்ட நாய்களை இலங்கை இராணுவத்தின் மிதிவெடி அகற்றும் பிரிவுக்கு வழங்கியது. நாயின் மூக்கு அபாரமானது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மணம் புதைத்த இடத்திலேயே அடங்கிக் கிடப்பதில்லை. மழைநீரோடு மண்ணுக்குள் நகரும், வெயிலில் மேலெழும், காற்றில் சாயும். மணம் பிடித்ததைக் காட்ட நாய் உட்காரும் இடம் எப்போதும் வெடி இருக்கும் இடமாகவே இராது. அதன் அருகாகவும் இருக்கலாம். வெடிகள் நெருங்கிப் புதைந்த நிலத்தில் ஒரு மணத்தின் மேல் இன்னொன்று விழுவதால் நாய் குழம்பிப்போகும். ஆகவே, வெடி இருக்காது என்று நம்பப்படும் பரந்த நிலத்தை உறுதிப்படுத்தத்தான் நாய் பெரிதும் உதவுகிறது. அதிலும் ஒரு நாய் போன பாதையில் இரண்டாவது நாயை விட்டுப் பார்ப்பது வழக்கம்.

ஒரு நாயின் குறிப்பை மட்டும் நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: நடத்துபவரின் எதிர்பார்ப்பும் அதில் கலந்துவிடலாம். 2011 இல் கலிபோர்னியாவில் லிசா லிட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் போதைப்பொருளையும் வெடிமருந்தையும் மோப்பம் பிடிக்கும் 18 நாய்களை, அவற்றை நடத்துபவர்களோடு ஒரு தேவாலயத்துக்குள் அனுப்பினார்கள். உள்ளே எந்தப் பொருளும் இல்லை. ஆனால் சில இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டி, அவை பொருள் இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன என்று நடத்துபவர்களிடம் சொல்லியிருந்தார்கள். நடத்துபவர்கள் தங்கள் நாய் ‘கண்டுபிடித்துவிட்டது’ என்று பல தடவை அறிவித்தார்கள். அதுவும் சிவப்புத் தாள் இருந்த இடங்களில்தான் கூடுதலாக. இதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு ஊரை அசத்தியது. கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது என்று 1907 இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் காட்டினார். கேட்டவரின் தலையசைவை, அவரே அறியாத சிறு அசைவை, குதிரை வாசித்திருந்தது. அது எண்ணை அறியவில்லை என்பது உண்மைதான். ஆனால் மனிதனை அந்த அளவுக்கு நுணுக்கமாக அறிவதும் ஒரு பேரறிவுதான். அந்த அறிவு மிதிவெடி நிலத்துக்குள் நுழைந்தால் மட்டும் ஆபத்து.

கம்போடியாவில் எலி இந்தச் சிக்கலை ஓரளவு தாண்டுகிறது. ஆபிரிக்காவின் பை எலிகளைத் தன்சானியாவில் பழக்கும் அபோபோ நிறுவனத்தின் மகாவா என்ற எலி, 2020 இல் வீரத்துக்கான தங்கப் பதக்கம் பெற்றது. அப்போது அது 39 மிதிவெடிகளைக் காட்டியிருந்தது. வெடியை வெடிக்க வைக்கும் எடை எலிக்கு இல்லை. வாழைப்பழத் துண்டு கிடைத்தால் போதும், யார் கயிற்றைப் பிடித்தாலும் வேலை செய்யும்.

யானைக்கும் இந்த மூக்கு உண்டு. தென்னாபிரிக்காவில் பழக்கப்பட்ட யானைகள் வெடிமருந்து மணத்தைப் பிரித்தறிந்ததை 2015 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த மணத்துக்கு அபாயம் என்று பொருள் என யாரும் சொல்லிக் கொடுக்காத காட்டு யானைக்கு அந்த மூக்கால் என்ன பயன்? பின்னவல யானைகள் சரணாலயத்தில் வளர்ந்த சாமா என்ற யானை மிதிவெடியில் ஒரு முன்னங்காலை இழந்து மூன்று காலில் நடந்தவள். அவளைப் பார்த்தபின் ‘விலங்குக்கு இயல்பாகவே தெரியும்’ என்று சொல்ல மனம் வருவதில்லை.

முகமாலையில் கடைசியில் கைகொடுத்தது விறாண்டி. நீண்ட பிடி போட்ட விறாண்டியால் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாரி, வெடியின் மேற்புறத்தை அழுத்தாமல் அதன் விலாவைத் தொடுவதே முறை. மணற்பாங்கான மண் அதற்கு இசைந்தது. கருவி கத்தினாலும் கத்தாவிட்டாலும் மண் முழுவதும் வாரப்படுகிறது. இந்த வேலையில் கணிசமானோர் பெண்கள். போரில் கணவனை இழந்து குடும்பத்தைச் சுமப்பவர்களும் அவர்களுள் உண்டு. முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், உடலுக்குக் கனத்த அங்கி, தலைக்கு மேல் கொளுத்தும் வெயில்.

இங்கேதான் மனித மனத்தின் தனி இயல்பு தெரிகிறது. இராணுவம் வெடிகளைப் பெரும்பாலும் வரிசையாக, ஒரே இடைவெளியில் புதைத்தது. வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று கிடைக்கிறது. நான்காவது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. கருவிக்கும் நாய்க்கும் வெற்றிடம் வெற்றிடம்தான். விறாண்டியோடு முழந்தாளிட்டிருப்பவருக்கோ அந்த வெற்றிடமே கேள்வியாகிறது. ஆடு மாடு மிதித்து வெடித்ததா? அப்படியானால் பள்ளமோ உடைந்த துண்டோ எங்கே? மாரி வெள்ளம் நகர்த்தியதா? எதிர்த்தரப்பு கிளப்பிக்கொண்டுபோய் வேறிடத்தில் புதைத்ததா? புதைத்தவன் அவசரத்தில் தவறினானா? இல்லாத ஒன்றைப் பற்றி யோசித்து அதன் பின்னால் போவது, முன்பின் தெரியாத ஒரு படைவீரனின் பழைய இரவை மனதில் மறுபடி நடத்திப் பார்ப்பது. பணிக்கர்கள் யானைத் தடத்தில் செய்ததும் இதைத்தான்.

மனித மனத்துக்கு ஊனமும் உண்டு. ஒரே வேலையைப் பல மணி நேரம் செய்தால் கவனம் தேயும். நூறு தடவை ஆணி கிடைத்தால் நூற்றோராவதும் ஆணி என்று கை நம்பிவிடும். அதனால்தான் குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு, முடித்த நிலத்தை மேற்பார்வையாளர் மீண்டும் சோதிப்பது என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். கருவி சலிப்பதில்லை, அந்த ஒன்றில் அது மனிதரை வென்றுவிடும்.

பதுங்குகுழி அணைகள் உயர்ந்து நின்ற இடங்களில் கவசமிட்ட மண்தோண்டி இயந்திரங்கள் மண்ணை அள்ளிப் பரப்பின. பரப்பிய மண்ணைப் பார்ப்பது மறுபடி மனிதக் கண். உக்ரேனில் இப்போது ட்ரோன் எடுக்கும் படங்களில் வெடிகளை அடையாளம் காணச் செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறார்கள். நிலத்தின் மேலே கிடக்கும் வெடிகளுக்கு அது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் புல்லும் மணலும் மூடிய முகமாலை வரிசைகள் வானத்துக்குத் தெரிவதில்லை.

இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. புதைந்திருப்பதை எடுத்து முடிக்கக் கிடைத்த தவணை 2028 ஜூன். துப்பரவான காணிகள் துண்டு துண்டாக உரியவர்களிடம் போகின்றன. இத்தாவிலில் மீளக் குடியேறியவர்கள் தென்னம்பிள்ளை வைக்கிறார்கள், கிணற்றைத் தூர்வாருகிறார்கள். வெடி தேடிய ஆழத்துக்குக் கீழே மண்வெட்டி இறங்கும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டால் வெட்டுபவர் மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு, வந்த காலடித் தடத்திலேயே பின்னுக்கு நடந்து போய் அறிவிக்கிறார். அந்த நடையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறார்கள்.