ஆடுபுலிக் கட்டத்தின் காலம்: பார்க்கரின் வாதத்தை முன்வைத்து

கோயில் தரைகளில் கீறப்பட்ட ஆட்டக் கட்டங்களுக்குக் காலம் குறிக்கும்போது நம்மில் பலர் ஹென்றி பார்க்கர் போட்ட தடத்திலேயே நடக்கிறோம். இலங்கை நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய அவர், 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ நூலில் ஆட்டங்களைப் பற்றி விரிவாக எழுதினார். எகிப்தின் குர்னா கோயில் கூரைக் கற்களில் சில கட்டங்கள் விளிம்பில் அறுபட்டிருக்கின்றன. எனவே கல்லை மேலேற்றுமுன் கொத்தர்களே அவற்றைக் கீறியிருக்க வேண்டும், கோயிலின் வயதே கட்டத்தின் வயது என்பது அவர் வாதம். இப்படித்தான் கி.மு. 14ஆம் நூற்றாண்டு என்ற கணிப்பு பிறந்தது. பலகை ஆட்ட வரலாற்றாசிரியர் மர்ரேயின் 1952ஆம் ஆண்டு நூல் அதற்கு மேலும் செல்வாக்குத் தேடித் தந்தது.

இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அறுபட்ட கோடு ஒன்றைத்தான் மெய்ப்பிக்கும்: கீறிய பிறகு கல் வெட்டப்பட்டது. எப்போது வெட்டப்பட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அறுபடாமல் முழுமையாக நிற்கும் கட்டங்களுக்கு அந்தச் சான்றும் இல்லை. அங்குள்ள கீறல்களில் காப்திக் கிறித்தவச் சிலுவைகளும் உண்டு. கோயில் எழுந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கற்களில் உளி பட்டிருக்கிறது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

இதே கண்டிப்பு நமக்கும் வேண்டும். ஆவடியை அடுத்த திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. அத்தகைய கோயிலொன்றின் தளத்தில் ஆடுபுலிக் கட்டம் தென்பட்டால், கல்வெட்டின் ஆண்டைத் தூக்கிக் கட்டத்தின் தலையில் வைத்துவிடலாகாது. திருப்பணிகளின்போது தளக்கற்கள் பெயர்க்கப்படும், இடம் மாறும், வேறு கட்டடத்துக் கல்லும் வந்து சேரும். கோடு தூணின் அடியில் புகுந்து மறைந்து, அந்தத் தூணும் அசைக்கப்படாதது என்று உறுதியானால் மட்டுமே அது தூணுக்கு முந்தியது எனலாம்.

கல் கைவிடும் இடத்தில் ஆட்டத்தின் கணக்கு ஓரளவு உதவும். பார்க்கரே பதிவு செய்த ‘தெமள திவியன் கெளிய’ எனக்கு அவருடைய குர்னாவைவிட மதிப்புமிக்கது. சிங்களவர் தமிழருக்கு உரியதாகச் சொல்லும் சிறுத்தை ஆட்டம் இது. நம் ஆடுபுலியின் நெருங்கிய உறவு. நம்முடைய வழக்கமான கட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. எல்லா ஆடுகளையும் இறக்கிய பிறகே ஆடு நகரலாம். அதுவரை ஓர் ஆடும் வெட்டுப்படாவிட்டால் மிஞ்சுவது 5 காலிப் புள்ளிகள். புலியை அடைக்க ஆடு நெருங்க வேண்டும். அதே நேரம் தன் பின்புறம் காலியாகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும், ஏனெனில் நேர்கோட்டில் காலி இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். நேபாளத்தின் பாக்சாலில் 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. மிஞ்சுவது ஒரே காலி. இருபுறமும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும் என்று ஆய்வாளர்கள் லிம் யூ ஜின், நீவர்கெல்ட் இருவரும் கணினி வழி காட்டினர். அந்த முடிவு நம் முக்கோணக் கட்டத்துக்குப் பொருந்தாது.

காய்க்கணக்கும் கட்டத்தின் வடிவமும் இவ்வளவு வேறுபடுவதால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரையப்பட்டது என்பதைவிட இரண்டும் தனித்தனியே செப்பமடைந்தன என்றே கருதுகிறேன். சான்று மெலிந்தது என்றாலும் எதிர்வாதத்துக்கு இதுவும் இல்லை. காலத்தைப் பொறுத்தவரை, 1909க்கு முன்பே இந்த ஆட்டம் தமிழர் பெயரோடு இலங்கையில் வழங்கியது என்பது மட்டும் உறுதி. அதன் மேல் எல்லை திறந்தே கிடக்கிறது.