இன்-இயர் இயர்போன்: ஒலித்தரமும் நுனிப் பொருத்தமும்

இன்-இயர் இயர்போன் என்பது காதுக் குழாயின் வாயில் செருகி, அதை அடைத்தபடி ஒலி தரும் சிறு ஒலிபெருக்கி. காது மடலின் குழியில் சும்மா வைத்துக்கொள்ளும் பழைய வகையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது, முனையில் மாட்டியிருக்கும் மெத்தென்ற நுனி. சிலிக்கானாலோ ஃபோமாலோ ஆன இதைக் கடைகளில் ‘ரப்பர்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். சாதனத்திலேயே விலை குறைந்த உறுப்பு இதுதான். ஆனால் கேட்கும் ஒலியின் அடித்தளம் இதில்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர், ப்ளூடூத் பதிப்பு, உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் எத்தனை என்ற கணக்கு எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக அமைவன ராமநாதபுரம் மாவட்டம் உத்தரகோசமங்கையில் கேட்கும் இசையும், அந்தக் கரையோரத்தின் வெக்கையும் உப்புக்காற்றும்.

காதுக் குழாயும் கசிவும்

வளர்ந்தவரின் காதுக் குழாய் ஏறத்தாழ 25 மி.மீ. நீளமும் 7 மி.மீ. விட்டமும் உடையது. அது நேராகப் போவதில்லை. லேசாக நெளிந்து செல்லும். வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. மெல்லும்போதும் பேசும்போதும் அந்தப் பகுதியின் வடிவம் மாறும். உட்பகுதி எலும்பு; மேலே மெல்லிய தோல் மட்டுமே இருப்பதால் சிறிது அழுத்தினாலும் வலிக்கும். குழாயின் வாய் பலருக்கு நீள்வட்டமாக இருக்கும். அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளின் இடக் காதும் வலக் காதும்கூட ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் நுனியோ பெரும்பாலும் மூன்று அளவுகளில், வட்டமாக வருகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளும். விரலைச் சற்று நகர்த்தினால் எதிர்ப்பு போய்விடும். காதில் நடப்பதும் அதுவே. நுனி சரியாக அடைத்திருந்தால் அதற்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கும் காற்று மிகக் கொஞ்சம். அவ்வளவு சிறிய இடத்தில், டிரைவரின் தகடு இம்மியளவு அசைந்தாலே அதன் அழுத்தம் முழுதாகச் செவிப்பறைக்குப் போய்ச் சேரும். அடைப்பில் மயிரிழை இடைவெளி விழுந்தால், மெதுவாக அசையும் தாழ் அதிர்வுகளின்போது காற்று வெளியேற அவகாசம் கிடைத்துவிடுகிறது. வேகமான உயர் அதிர்வுகளில் அந்த அவகாசம் இல்லை. ஆகவே கசிவு எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. 20 ஹெர்ட்ஸ் தொடங்கிச் சில நூறு ஹெர்ட்ஸ் வரை உள்ள பேஸை உருவிக்கொண்டு, மீதியை அப்படியே விட்டுவிடுகிறது. ‘பேஸே இல்லை, கீச்சென்று கேட்கிறது’ என்ற புகாரில் பெரும்பங்கு சாதனத்தின் குறை அல்ல, இந்த இடைவெளியின் வேலை.

நாய்ஸ் கேன்சலிங் உள்ள இயர்போனுக்கும் இதே விதி. அது திறமையாக அழிப்பது எஞ்சின் இரைச்சல் போன்ற தாழ் ஒலிகளை. இடைவெளி இருந்தால் இரைச்சல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை அழிக்க உண்டாக்கிய எதிர் ஒலியோ வெளியே கசிந்துவிடும்.

உத்தரகோசமங்கையில் ஒலி

ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ள உத்தரகோசமங்கை மங்களநாதர் கோயிலின் மரகத நடராசர் திருமேனி ஏறத்தாழ ஐந்தரை அடி உயரம். ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும் அத்திருமேனிக்கு மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பு களையப்படுகிறது. மத்தள ஓசையின் அதிர்வே மரகதத்தைப் பொடியாக்கிவிடும் என்ற நம்பிக்கையைக் காப்புக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். மரகதத்துக்கு அப்படி நேருமா என்பது வேறு பேச்சு. ஒலி என்பது காதுக்குள் மட்டும் நடப்பதல்ல, எதிரில் இருப்பதைத் தொட்டு அசைக்கும் காற்றழுத்தம் என்ற அறிவு அந்த நம்பிக்கைக்குள் இருக்கிறது.

கோயில் வாசலில் தவிலுக்கு அருகில் நின்று கேட்டவருக்கு இது தெரியும். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும்போது எழும் வெடிப்பு உயர் அலைகளில் இருக்கிறது. இடந்தலையில் குச்சி விழும் கனம் தாழ் அலைகளில் இருக்கிறது. அது நெஞ்சிலும் படும். எந்த இயர்போனாலும் நெஞ்சில் படும் பங்கைத் தர முடியாது. செவிப்பறைக்கு உரிய பங்கை மட்டுமே தரும். அதுவும் அடைப்பு இருந்தால்தான். கசியும் நுனியில் தவில் கேட்டால் விரல்கள் மட்டும் வாசிக்கும், குச்சி காணாமல் போகும். மிருதங்கத்திலும் அப்படியே. இடந்தலையான தொப்பியின் நடுவே ரவையைப் பிசைந்து அப்புவது அதன் தாழ் ஒலிக்காகத்தான். பொருந்தாத நுனியில் முதலில் மறைவது அந்த ரவை தந்த ஒலி.

மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள நீத்தல் விண்ணப்பத்தின் 50 பாடல்களும் இவ்வூர் இறைவனை முன்னிட்டுப் பாடியவை. ஓதுவார் குரல் மட்டும் உள்ள திருவாசகப் பதிவை இயர்போனில் கேட்டால் கசிவு எளிதில் பிடிபடாது. சொற்களைத் தெளிவாக்கும் ஒலிகள் நடு அலைகளிலும் அதற்கு மேலும் இருப்பதால், குரலின் அடிக்கனம் மெலிந்தாலும் சொல் கெடுவதில்லை. நாளெல்லாம் தொலைபேசிப் பேச்சுக்கு மட்டும் இயர்போன் வைத்திருப்பவர் ஆண்டுக்கணக்கில் தவறான நுனியோடு இருப்பதும் இதனால்தான். அதே திருவாசகத்தை இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு 2005இல் வெளியிட்ட பதிவில் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். செல்லோவும் டபுள் பேஸும் பாட்டுக்கு அடியில் தரையாக நிற்க வேண்டும். அவை தொலைவில் மெலிதாகக் கேட்டால் நுனியை மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அது.

உயர் அலைகள்

அடைப்பு பேஸுக்குக் காரணம் என்றால், நுனி எவ்வளவு ஆழம் போகிறது என்பது உயர் அலைகளைத் தீர்மானிக்கிறது. திறந்த காதுக் குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை இயல்பாகவே கூட்டித் தரும். இயர்போன் செருகி அடைத்ததும் அந்தக் கூட்டல் போய்விடும். இயர்போனே அதை ஈடுகட்டியாக வேண்டும். எவ்வளவு ஈடுகட்டினால் பெரும்பாலோர் விரும்புவர் என்பதைக் கேட்போரை வைத்துச் சோதித்து, ஹர்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் வகுத்த இலக்கு வளைகோடு இன்று பல தயாரிப்பாளர்களுக்கு அளவுகோல்.

அடைபட்ட குழாயில் வேறொரு ஒத்ததிர்வு முளைக்கும். பெரும்பாலும் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் அளவில் வரும் அது, நுனி உள்ளே போகப் போக மேல்நோக்கி நகரும். நாகசுரத்தின் மேல்ஸ்தாயி, ஜால்ரா, பாடகர் உச்சரிக்கும் ஸகர ஷகரங்கள் ஊசியாகக் குத்தினால் இந்த முகடு அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கக்கூடும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் ஆழம் மாறினாலும் கேட்பது மாறும். ஒருவர் இனிமை என்று மெச்சும் இயர்போன் இன்னொருவருக்குக் குத்துவது ரசனை வேறுபாடு மட்டுமல்ல. இருவர் காதிலும் அது வேறு வேறு ஒலியையே தருகிறது. பிறர் எழுதும் மதிப்புரைகளுக்கு உள்ள எல்லை இது.

நுனி வகைகள்

குடைபோல் விரியும் விளிம்பு ஒன்று மட்டும் உள்ள ஒற்றைக் குடை சிலிக்கான் நுனியே பெரும்பாலும் பெட்டியில் வருவது. கழுவலாம், நெடுநாள் உழைக்கும். இரட்டைக் குடை, மூன்று குடை நுனிகள் ஆழமாகச் சென்று வெளி ஓசையை நன்றாகத் தடுக்கும். பழக நாளாகும், எல்லாக் காதும் பொறுக்காது. ஃபோம் நுனியை விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால், உள்ளே விரிந்து குழாயின் வடிவத்துக்குத் தானே பொருந்திக்கொள்ளும். 1966இல் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய மெமரி ஃபோம் வழியில் வந்த பொருள் இது. நீள்வட்டக் காதுக்கு ஃபோமே கைகொடுக்கும். கூரிய உயர் ஒலியைச் சற்று மழுக்கவும் செய்யும். நுனியின் துளை அகலமாக இருந்தால் உயர் ஒலி திறந்து வரும், குறுகலாக இருந்தால் அடங்கி வரும். பெரிய அளவு போட்டால் நன்றாக அடைக்கும் என்று நினைப்பது தவறு. அளவு மீறிய சிலிக்கான் உள்ளே மடிந்து சுருக்கம் விழுந்து, அந்தச் சுருக்கத்தின் வழியே கசியும்.

மேடைக் கலைஞர்கள் சிலர் காதில் அச்செடுத்து அவரவர்க்கென வார்த்த இயர்போன் அணிகிறார்கள். ஜெரி ஹார்வி 1995இல் டிரம் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்குச் செய்து கொடுத்தது அவ்வகையில் பெயர் பெற்ற தொடக்கம். அதற்கு முன்பே, 1991இல், எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் காது கேட்கும் கருவித் துறையின் அறிவைக் கொண்டு மூன்று குடை நுனியோடு இஆர்-4 இயர்போனை வெளியிட்டிருந்தது.

செருகும் முறை

பலர் இயர்போனைக் காதின் வாசலில் வைத்து ஓர் அழுத்து அழுத்தி விட்டுவிடுகிறார்கள். இடக் காதுக்குச் செருகும்போது வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, மடலின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் பின்னுமாக மெல்ல இழுக்க வேண்டும். குழாயின் நெளிவு அப்போது நேராகும். இடக் கை இயர்போனைச் செருகிச் சற்றே திருப்பட்டும். மடலை விட்டதும் குழாய் நுனியைக் கவ்விக்கொள்ளும். வெளி ஓசை சட்டென மங்கும். வாயை மூடி ‘ம்’ என்றால் தன் குரல் தலைக்குள் முழங்க வேண்டும். ஃபோம் என்றால் விரிந்து முடிக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும்.

பிறகு பேஸ் உள்ள பாடலை ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்நோக்கி அழுத்திப் பார்க்கலாம். பேஸ் கூடினால் அடைப்பு போதவில்லை. மென்று பார்த்தும் தலையைத் திருப்பியும் அது தங்குகிறதா என்று காண வேண்டும். இடக் காதுக்கு நடுத்தர அளவும் வலக் காதுக்குச் சிறிய அளவும் பொருந்தினால் அப்படியே போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஏர்பாட்ஸ் ப்ரோ 2019இல் வந்தபோது இச்சோதனையை உள் மைக்கின் உதவியால் கைபேசியே செய்யும் வசதி இருந்தது. அது இல்லாதவர் குறைப்பட வேண்டாம், காதே போதும்.

கரையோர வெக்கை

ராமேசுவரம், பாம்பன், ராமநாதபுரம் பக்கம் ஈரக்காற்றும் வியர்வையும் ஆண்டின் பெரும்பகுதி உண்டு. வியர்வையும் காதின் எண்ணெய்ப் பசையும் படிந்தால் சிலிக்கான் வழுக்கி வெளியே தள்ளும். துடைத்துவிட்டுப் போட்டால் அதே நுனி நிற்கும். ஃபோம் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் விரியும் தன்மையை இழந்துவிடும். அதைச் செலவுப் பொருளாகவே கருத வேண்டும்.

‘ஒரு பக்கம் குறைவாகக் கேட்கிறது’ என்று சாதனத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன், நுனியைக் கழற்றி முனையின் வலையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பல நேரம் அங்கே மஞ்சளாக மெழுகுப் படலம் ஒட்டியிருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் உதிரும். ஊசியால் குத்தினால் வலை கிழியும். கழற்றிய சிலிக்கான் நுனியை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்கு உலர்ந்த பின் மாட்ட வேண்டும்.

ராமேசுவரம் ராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் நீர் ஊற்றிக்கொண்டு வருபவரின் காதிலும், மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களின் காதிலும் ஈரம் தங்கும். அந்த ஈரத்தோடு நுனியைச் செருகிக் குழாயை மூடினால் பூஞ்சைக்கும் புண்ணுக்கும் வழி திறந்ததாகும். தலையைச் சாய்த்து நீரை வடித்து, காது தானாக உலர்ந்த பிறகே செருக வேண்டும். பஞ்சுக் குச்சி விட்டுக் குடைவது மெழுகை இன்னும் உள்ளே தள்ளும்.

செவிப் பாதுகாப்பு

நல்ல பொருத்தம் ஒலிக்கு மட்டும் நல்லதல்ல. பேருந்தின் எஞ்சின் இரைச்சல் கசியும் நுனி வழியே உள்ளே வரும்போது, பாட்டு அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். அடைப்புச் சரியாக இருந்தால் அதே பாட்டு குறைந்த ஒலியிலேயே முழுதாகக் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த எல்லை, 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் அது வாரம் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பத்து டெசிபல் கூடுதலுக்குப் பத்தில் ஒரு பங்கு நேரம். ஒரு பொருத்தமான நுனி மிச்சப்படுத்தித் தருவது இப்படிப்பட்ட டெசிபல்களைத்தான்.

அதே அடைப்பு சாலையில் ஆபத்து. பின்னால் வரும் லாரியின் ஹாரனையும் அது தடுக்கும். வண்டி ஓட்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இரு காதிலும் இதை அணியக் கூடாது. காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேட்காமல் இன்-இயர் வகையைப் பயன்படுத்த வேண்டாம்.