பேர் சொல்லாத வீடுகள்

டவுன்ல இப்பக் கல்யாணமான புள்ளைங்க வீட்டுக்காரரைப் பேர் சொல்லியே கூப்பிடுது. அவங்களும் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. நல்லதுதான். ஆனா எங்க காங்கயம், தாராபுரம் பக்கத்துல எழுபது எம்பது வயசுல இருக்கற தம்பதிகளைப் பாருங்க. கல்யாணமாகி அம்பது அறுபது வருசத்துல ஒருத்தர் பேரை ஒருத்தர் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டாங்க. பேரே இல்லாம குடும்பம் நடத்தி, சண்டை போட்டு, சமாதானமாகி, காடு வாங்கி, புள்ளைகளைக் கட்டிக் கொடுத்திருக்காங்க. அது எப்படி நடந்துச்சு, எப்ப மாற ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன்.

எங்கப்பனைப் பெத்த அப்பாரும் அப்பத்தாளும் அந்த மாதிரித்தான். அப்பாரு பேரு, தண்டம் புடிச்சு ஆண்டிக்கோலத்துல மலைமேல நிக்கற சாமி இருக்கற ஊரோட பேரு. நானும் அதை இங்க எழுதாம விட்டுடறேன், உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அப்பத்தா வாயில அந்த ஊர்ப் பேர் வரவே வராது. தைப்பூசத்துக்குத் தாராபுரத்துல பஸ் ஏறுனா கண்டக்டர் கேப்பாரு.

"எங்கீங்க ஆத்தா?"

"மலைக்குங்க."

"எந்த மலைக்கு? சென்னிமலையா, சிவன்மலையா, மருதமலையா?" எங்க பக்கம் மலைக்குப் பஞ்சமே இல்லை, எல்லாத்துலயும் அதே சாமிதான்.

"பெரிய மலைக்குங்க."

பஸ்ஸு தெக்க பாத்து நிக்குது, அது வேற எந்த மலைக்குப் போகும்? கண்டக்டருக்குத் தெரியாம இல்லை. அவருக்கும் பொழுது போகோணுமில்லைங்களா. கடைசியில நாந்தான் ஊர்ப் பேரைச் சொல்லி டிக்கெட் வாங்குவேன். நான் சொல்றப்ப அப்பத்தா சன்னல் பக்கம் திரும்பிக்கும். நல்லவேளை, அந்தச் சாமிக்குக் கந்தன், வேலவன், சண்முகம்னு பேர் பல இருந்துச்சு. இல்லாட்டி சாமி கும்பிடறதே கஷ்டமாயிருக்கும். பக்கத்து வளவுல ஒரு பாட்டிக்கு வீட்டுக்காரர் பேரு முருகன். அவங்க முருங்கக்காயை 'நெட்டக்காய்'னுதான் சொல்லுவாங்க. கடைசி வரைக்கும் நெட்டக்காய்தான்.

பேர் சொல்லாம ஆளைக் கூப்பிடறதுக்கு அவங்க வெச்சிருந்த வழிகளை எழுதுனா தனிப் புஸ்தகம் ஆகும். அப்பாரு காட்டுல இருந்து வந்தா கட்டுத்தறிகிட்டவே ஒரு செருமல் செருமுவாரு. ஒரு செருமல்னா தண்ணி வேணும். ரெண்டுன்னா கூட யாரோ வர்றாங்க, சீலையைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரின்னு அர்த்தம். உள்ள இருந்து அப்பத்தா பதிலுக்குச் சொம்பைத் திண்ணையில 'ணங்'குனு வைக்கும். அந்தச் சத்தத்துலயே அன்னைக்குக் கோவமா, சந்தோசமான்னு அப்பாருக்குத் தெரிஞ்சு போகும்.

சண்டை வந்துட்டா மாடுதான் நடுவுல. அப்பத்தா கன்னுக்குட்டிக்குத் தட்டுப் போட்டுக்கிட்டே அதுகிட்டச் சொல்லும்: "சோறு ஆறுது, வேணுங்கறவங்க கைகால் கழுவிட்டு வரட்டும்." அப்பாரு காளை முதுகைத் தடவிக்கிட்டே, "நேத்து வெச்ச கொழம்பையே இன்னைக்கும் ஊத்தறதுக்கு எதுக்குடா கழுவறது"ம்பாரு. காளையும் கன்னும் பாவம், ரெண்டு பக்கமும் காதை ஆட்டிக்கிட்டு நிக்கும். எங்க வீட்டு மாடுகளுக்குத் தெரிஞ்ச குடும்ப விசயம் பங்காளிகளுக்குக்கூடத் தெரியாது. சண்டை ரெண்டு நாளைக்கு மேல போனா வெத்தலைதான் முடிச்சு வைக்கும். பல்லு போன அப்பாருக்கு அப்பத்தாதான் சின்ன உரல்ல வெத்தலை பாக்கை இடிச்சுக் குடுக்கோணும். இடிக்கற சத்தம் கேட்டுதுன்னா வழக்கு முடிஞ்சுதுன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம்.

புருசன் பேரைச் சொன்னா அவரு ஆயுசு குறையும்னு ஒரு நம்பிக்கை. அதனால பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க. சரி, ஆம்பளை ஏன் பொண்டாட்டி பேரைச் சொல்றதில்லை? அதுக்கு ஆயுசுக் கணக்கு ஒண்ணும் கெடையாதுங்க, வெக்கம்தான். பெரியவங்க முன்னாடி பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஊரே கேலி பேசும். 'இந்தா', 'ஏ புள்ள', இல்லாட்டி மூத்த பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அம்மா வந்து நிப்பாங்க. ஊர்க்காரங்களும் மருமகளைப் பொறந்த ஊரை வெச்சுத்தான் கூப்பிடுவாங்க. எங்கப்பத்தாவுக்கு 'மூலனூரா'ன்னு பேரு. மூலனூர்ல இருந்து வந்ததால அப்படி. பதினாறு வயசுல வந்த நாள்ல இருந்து அவங்களைப் பெத்தவங்க வெச்ச பேரைச் சொல்லறதுக்கு இந்த ஊர்ல ஆளே இல்லாமப் போச்சு.

எங்க தமிழ் ஐயா ஒரு விசயம் சொல்லுவாரு. அகப்பாட்டுல காதலன், காதலி பேரைச் சொல்லக் கூடாதுன்னு தொல்காப்பியத்துலயே இருக்குதாம். தலைவன், தலைவி, அவ்வளவுதான். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின பாட்டு விதியும் எங்கப்பத்தா கன்னுக்குட்டிகிட்டப் பேசறதும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பாடம் நடக்கறப்ப எனக்கு எங்க கட்டுத்தறிதான் ஞாபகம் வந்துச்சு.

இதுல நான் மாட்டுன கதை தனி. மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கறது நம்ம பழைய வழக்கம். பேரன்ங்கற வார்த்தையே 'பெயரன்'ல இருந்து வந்ததுதான். அப்பாரு பேரைத்தான் எனக்கு வெச்சாங்க. வெச்சுட்டு, கூப்பிட ஆள் இல்லை! அப்பத்தாவுக்கு அது புருசன் பேரு. அம்மாவுக்கு மாமனார் பேரு. அப்பனுக்குப் பெத்தவர் பேரு. 'தம்பி', 'சாமி', 'கண்ணு'ன்னே வளந்தேன். ஒண்ணாப்புல சேக்கறப்ப வாத்தியார், "பையன் பேரென்னம்மா?"ன்னு கேட்டாரு. அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. அவரும் அந்தக் காலத்து ஆளு, புரிஞ்சுக்கிட்டு என்னைக் கேட்டாரு. இப்ப என் சம்சாரமும் 'மாமா'ன்னுதான் கூப்பிடுது. ஆக, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கன்னா வாத்தியாருங்களும் சொசைட்டி கிளார்க்கும்தான்.

வீட்டுக்குள்ள இருந்த வரைக்கும் இது வேடிக்கைதான். கவர்மெண்டு நோட்டைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தப்பத்தான் சிக்கல் ஆரம்பிச்சுது. சுதந்திரத்துக்கு அப்புறம் முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1952 பிப்ரவரி வரைக்கும் நடந்துச்சு. வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு. நாடு முழுக்க வீடு வீடாப் போய்ப் பேர் எழுதுனாங்க. வடக்க பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாதிரி இடங்கள்ல லட்சக்கணக்கான பொம்பளைங்க முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டத் தம் பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. 'இன்னாரு சம்சாரம்', 'இன்னாரு அம்மா'ன்னு எழுதி வெச்சிருந்தாங்க. அப்பத் தலைமைத் தேர்தல் கமிஷனரா இருந்தவர் சுகுமார் சென். அப்படியெல்லாம் எழுதுனா செல்லாது, பேரைச் சொல்லியாகணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. பீகார்ல கூடுதலா அவகாசமும் குடுத்துப் பாத்தாங்க. அப்படியும் கடைசியில சுமார் 28 லட்சம் பொம்பளைங்க பேரைப் பட்டியல்ல இருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. மொத்தப் பொம்பளை ஓட்டே எட்டுக் கோடி பக்கம்தான். பேரைச் சொல்லாத ஒரே காரணத்துக்காக 28 லட்சம் ஓட்டு. சென் செஞ்சது சரின்னுதான் எனக்குத் தோணுது. அப்ப விட்டிருந்தா அவங்க பேரு இன்னைக்கும் வந்திருக்காது.

எங்க ஊர்ல அந்தப் பிரச்சினை அவ்வளவு பெரிசா வரலை. அதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒரு காரணம் மணியகாரரும் கணக்குப்பிள்ளையும். பரம்பரையா உள்ளூர்லயே இருக்கறவங்க. யாரு வீட்டுல எத்தனை உருப்படி, யாரு எந்த ஊர்ல இருந்து வாக்கப்பட்டு வந்தா, எல்லாம் மனப்பாடம். அவங்க யாரையும் கேக்கறதில்லை, அவங்களே எழுதிக்குவாங்க. எழுதறது சரியாத் தப்பான்னும் யாரும் பாக்கறதில்லை. 1980ல எம்.ஜி.ஆர். அந்தப் பரம்பரைப் பதவிகளை எடுத்துட்டாரு. அப்புறம் பரீட்சை எழுதி வெளியூர்ல இருந்து வி.ஏ.ஓ.க்கள் வந்தாங்க. அவங்களுக்கு யாரையும் தெரியாது, கேட்டுத்தான் எழுதணும். அப்பத்தான் எங்க கிழவிகளை முதல்முதலா ஒருத்தர் நேருக்கு நேர், "உங்க பேரென்னம்மா? வீட்டுக்காரர் பேரென்ன?"ன்னு கேட்டாரு.

1984ல அப்பாரு போய்ச் சேந்தாரு. நான் ஒம்பதாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். பட்டா மாத்தறதுக்கு வாரிசு சர்டிபிகேட் வேணும். காயிதத்தையெல்லாம் எடுத்துப் பாத்தா, அப்பாரு பேரு எல்லாத்துலயும் ஒரே மாதிரி, எழுத்துப் பிசகாம இருக்குது. அப்பத்தா பேரு மூணு விதமா இருக்குது. ரேசன் கார்டுல 'ஆயி'ன்னு முடியுது, ஓட்டர் லிஸ்ட்டுல 'அம்மாள்'னு முடியுது, பழைய பத்திரத்துல வேற யாரோ ஒரு பொம்பளை பேரே இருக்குது. எது சரின்னு அப்பத்தாவைக் கேட்டோம்.

"எதையோ ஒண்ணை எழுதிக்க சாமி. ஆரு கூப்பிடப் போறா."

எனக்கு அன்னைக்குத்தான் சுருக்குன்னுச்சு. ஒரே மாதிரி வாயை மூடிக்கிட்டுத்தான் ரெண்டு பேரும் வாழ்ந்தாங்க. ஆனா சொல்லாமச் சொல்லாம அவரு பேரு சாமி பேர் மாதிரி ஆயிருச்சு. அவங்க பேரு சொல்லாமச் சொல்லாமக் காணாமப் போயிருச்சு. கடைசியில ரெண்டு சாட்சி வெச்சு, மூணு பேரும் ஒரே ஆள்தான்னு முத்திரைத்தாள்ல எழுதி வாங்குனோம்.

வி.ஏ.ஓ. சின்னப் பையன், நல்ல மாதிரி. விசாரணைக்கு அப்பத்தாவை உக்கார வெச்சு, முறைப்படி கேக்கணுமேன்னு, "வீட்டுக்காரர் பேரு?"ன்னாரு. ஆளே போயிட்டாரு, இனி ஆயுசு குறையறதுக்கு ஒண்ணுமில்லை. ஆனாலும் அப்பத்தா சொல்லலை. என் தோளைத் தொட்டுக் காட்டி, "இவம் பேருதானுங்க"ன்னு சொல்லுச்சு.

அப்புறம் காலம் வேகமா ஓடிருச்சு. 2008ல நூறு நாள் வேலை எங்க பக்கம் வந்தப்பக் காலையில மரத்தடியில நின்னு ஒவ்வொரு பொம்பளை பேரையும் சத்தமாப் படிச்சாங்க. முதல் வாரம் பல பேருக்குத் தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னே தெரியலை. எங்க வளவுல ஒரு பெரியம்மா, பேர் படிச்சு முடிச்சப்புறம், "என்னையக் கூப்பிடவே இல்லைங்களே"ன்னு போய்ச் சண்டை புடிச்சாங்க. மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க பாவம். ஆதார் கார்டுல, பேங்குல, எல்லாத்துலயும் பேரும் அதுக்குக் கீழ புருசன் பேரும் வந்துருச்சு.

எங்கம்மாவுக்கு இப்ப எழுபத்தஞ்சு தாண்டிருச்சு, அப்பனுக்கு எம்பத்தொண்ணு. 2023 செப்டம்பர்ல இருந்து அம்மா கணக்குல மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூவா ஏறுது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பன் அஞ்சாவது வரைக்கும் படிச்சவரு. மாசாமாசம் பதினஞ்சு தாண்டுனதும் நான் பாஸ்புக்கு என்ட்ரி போட்டுக் கொண்டாந்து குடுப்பேன். அம்மா அதை அப்பன்கிட்ட நீட்டும். அவரு நேராக் கடைசிப் பக்கத்துக்குப் போயி, "ஏறிருச்சு"ம்பாரு.

"மொதப் பக்கத்துல இருந்து படிங்."

"அதுல என்ன இருக்குது? பணம் ஏறிருச்சுங்கறேன்."

"ஆரு கணக்குல ஏறிருக்குதுன்னு தெரியோணுமில்லைங். வேற ஆரு பொஸ்தகத்தையாச்சும் பையன் மாத்திக் கொண்டாந்துட்டா?"

அப்பன் கண்ணாடியைத் தொடைப்பாரு. என்னையப் பாப்பாரு, நான் ஆட்டுக்குத் தழை ஒடிக்கற மாதிரி திரும்பிக்குவேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுத்துக்கூட்டி, அம்மா பேரை முழுசாப் படிப்பாரு. படிச்சதும் அம்மா பாஸ்புக்கை வாங்கி மடியில சொருகிக்கிட்டு, "ம், எனக்குத்தான்"னு எந்திரிச்சுப் போகும். எவ்வளவு ரூவா இருக்குதுன்னு இதுவரைக்கும் ஒரு மாசங்கூடக் கேட்டதில்லை.