மெட்டி, தாலி, மெட்டல் டிடெக்டர்

ஷிப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் நெடுஞ்சாலையிலோ ஒரகடம், வல்லம், வடகால் பக்கமோ நின்றால் வரிசையாகக் கம்பெனி பேருந்துகள் போவதைப் பார்க்கலாம். உள்ளே ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் இளம்பெண்கள். கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு. இந்தக் கட்டுரை அந்தக் கழுத்தைப் பற்றியது. அதில் எந்தக் கயிறு இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதை யார் யாரெல்லாம் முடிவு செய்தார்கள் என்று தேடிப் போனபோது, அரசியல், தொழில்நுட்பம், சினிமா மூன்றும் ஒரே இடத்தில் வந்து கைகுலுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். அபத்தம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் இணைக்கும் பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்பது செய்தி. குடும்பப் பொறுப்பு அதிகம், கர்ப்பம், விடுப்பு என்று காரணங்கள். உற்பத்தி நெருக்கடி வரும் மாதங்களில் மட்டும் இந்த விதி தளர்த்தப்படும் என்று முன்னாள் மனிதவள ஊழியர்களும் ஆள் எடுக்கும் முகவர்களும் சொல்லியிருந்தார்கள். 2023 மார்ச்சில் வேலை தேடிப் போன இரண்டு சகோதரிகளை வாசலில் நிறுத்தி, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதாகவும் அதில் இருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மத்திய அரசு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. ஜூலையில் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆலைக்குப் போனபோது கிடைத்த கணக்கு இது: மொத்தம் 41,281 பேர். அதில் பெண்கள் 33,360. அந்தப் பெண்களில் திருமணமானவர்கள் சுமார் 2,750. நூற்றுக்கு எட்டு.

இருபத்தைந்து வயதுக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று துடிக்கும் ஒரு மாநிலத்தில், மூன்று பெருங்கோவில் திருவிழாக் கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்தாற்போன்ற ஓர் ஆலையில், நூறில் தொண்ணூற்றிரண்டு பேர் கல்யாணம் ஆகாதவர்கள்!

இந்த விவகாரத்தில் வந்த விளக்கங்களில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது உலோகம் பற்றியது. ஆலைக்குள் உலோகம் அணியக் கூடாது என்பது பாதுகாப்பு விதி, ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவானது, மதம் பார்ப்பதில்லை என்று நிறுவனத் தரப்பில் அரசுக்குச் சொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. நுண்மின்னணுப் பாகங்களைக் கையாளும்போது உலோகம் உரசினால் கீறல் விழும், மின்சாரம் பாயும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஒரு சில்லைப் பொசுக்கிவிடும் என்பதற்காக இப்படிப்பட்ட வேலைகளில் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி அதை மின்தரையோடு இணைத்து உட்காரவைப்பது வழக்கம். அதாவது வேலைக்கு உட்காரும் பெண்ணுக்கும் ஒரு கட்டு இருக்கிறது. கட்டுகிறவர் மட்டும் வேறு.

ஆனால் உலோகம்தான் சிக்கல் என்றால் கேள்வி உலோகத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். "கழற்றி வைப்பீர்களா?" என்று கேட்டால் போதும். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தினால் யாரும் நம்மை வீட்டுக்கு அனுப்புவதில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்விக்கு மெட்டல் டிடெக்டர் தேவையில்லை. (ஊரின் பெருமைக்குரிய இராமானுசருக்குத் திருப்பாவை ஜீயர் என்றும் பெயர். மனிதர் எவருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்ற ஆண்டாளை மார்கழி முழுக்கப் பாடும் ஊர். இந்த விதிப்படி அவருக்கு மட்டும் உடனே வேலை கிடைத்திருக்கும்.)

சரி, இந்த உலோகத் துண்டு எப்போது பெண்ணின் சான்றிதழ் ஆனது? தமிழ் படித்தவள் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு திருமணம் நடக்கிறது. பந்தல் இருக்கிறது, புதுமணல் பரப்பியிருக்கிறார்கள், உளுந்துப் பொங்கல் இருக்கிறது, பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டுகிறார்கள். தாலி கட்டுவது இல்லை. சங்கப் பாடல்களில் தாலி என்ற சொல் வரத்தான் செய்கிறது. ஆனால் அது குழந்தைகள் காப்புக்காக அணிந்த ஐம்படைத்தாலி, புலிப்பல் தாலி. 1954இல் தமிழர் திருமணத்தில் தாலி உண்டா என்று பெரிய விவாதமே நடந்தது. கண்ணதாசன் கிளப்பிவிட, தாலி தமிழர் வழக்கமே என்று ம.பொ.சி. நிற்க, இல்லை என்று மா. இராசமாணிக்கனார் மறுத்தார். பின்னாளில் தொ. பரமசிவனும் இதைப் பற்றி எழுதினார். என் மாணவிகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்; நம்புவதில்லை. அவர்களுக்குத் தாலியின் வரலாறு சினிமாவில் தொடங்குகிறது.

அதையும் குறைத்துச் சொல்ல முடியாது. ராஜீவ் கொலை நடந்த அதே 1991இல் வெளியாகி ஓடோ ஓடு என்று ஓடிய 'சின்ன தம்பி'யில், தாலி என்றால் என்னவென்றே தெரியாத கதாநாயகன் கதாநாயகியின் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். கட்டியவனுக்கே தெரியாவிட்டாலும் அது செல்லும்! பத்தாண்டுகளுக்கு முன்பே வந்த 'அந்த 7 நாட்க'ளில், விருப்பமில்லாமல் நடந்த கல்யாணத்தின் தாலியைக் கழற்ற முடியாமல் காதல் தோற்றுப் போகிறது. கட்டுகிறவருக்கு விவரம் வேண்டாம், கட்டப்படுகிறவருக்கு விருப்பம் வேண்டாம், உலோகம் மட்டும் போதும். 2002 தொடங்கி மூன்றாண்டுகள் வீடு வீடாக ஒலித்த 'மெட்டி ஒலி' தொடர் கால் விரலையும் விட்டுவைக்கவில்லை.

அரசு சினிமாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? 1989இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் ஒன்று வந்தது. 2011இல் அதனோடு தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராம் ஆனது. பெண்ணுக்குக் கல்வித் தகுதியும் 18 வயதும் நிபந்தனை என்பதால், பள்ளியில் நீடிக்க இது ஒரு தூண்டுதல் என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. என் தொண்டையில் சிக்குவது திட்டத்தின் பெயர்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம். தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் போராடியவர் அவர். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்குக்குப் பெயர் பொட்டுக்கட்டுதல். பொட்டு என்பது கழுத்தில் கட்டப்படும் ஒருவகைத் தாலி. 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர்; அந்தக் கட்டை அறுக்கும் சட்டம் 1947இல் வந்தது. பொட்டை அறுத்தவரின் பெயரில் தங்கத் தாலி வழங்கிய அரசுகள் நம்முடையவை. இரண்டு கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2022இல் அது கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அம்மையாரின் பெயர் இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தங்கத்தை அரசு கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் வேறொரு வழி வைத்திருந்தன. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று பெயர். கல்யாணம் ஆகாத கிராமத்துப் பெண்ணை மூன்றாண்டு ஆலை விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்பது பேச்சு. பாதியில் உடம்பு கெட்டு வந்தவர்களுக்குப் பணமும் இல்லை. சுமங்கலி ஆவதற்காக வேலை, சுமங்கலி ஆனால் வேலை இல்லை: திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவுதான். இரண்டு இடத்திலும் தேவைப்பட்டது வீட்டை விட்டு வந்து விடுதியில் படுத்து எழும் இருபது வயது உடம்பு.

இதற்கிடையே 2015. மகளிர் தினத்தையொட்டித் தாலி தேவையா என்று பெண்கள் பேசும் ஒரு நிகழ்ச்சியைப் புதிய தலைமுறை தொலைக்காட்சி அறிவித்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை. ஆனால் மார்ச் 12 அன்று அந்த அலுவலகத்தின் மீது டிபன் பாக்ஸ் குண்டு வீசப்பட்டது. ஏப்ரல் 14 அன்று பெரியார் திடலில் திராவிடர் கழகம் தாலி அகற்றும் நிகழ்ச்சி நடத்தியது. காவல்துறைத் தடை, தடையை நீக்கிய உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, அதை நிறுத்திவைத்த இரு நீதிபதி அமர்வு என்று இரண்டே நாளில் எல்லாம் நடந்தது. உத்தரவு வருவதற்குள் பெண்கள் கழற்றி முடித்திருந்தார்கள். தானே விரும்பி ஒரு பெண் கழற்றினால் சட்டம் ஒழுங்கு கெடும். ஷிப்டுக்காக ஆயிரக்கணக்கில் கழற்றினால் அந்நிய முதலீடு. பண்பாட்டுக் காவலர் எவரும் டிபன் பாக்ஸோடு சிப்காட் வாசலுக்குப் போனதாகத் தகவல் இல்லை. போகக் கூடாதுதான், ஆனாலும் அந்த மௌனத்தைக் குறித்துவைக்க வேண்டும்.

சட்டம் இதையெல்லாம் அறியாததல்ல. 1965இல் பம்பாய் மருந்து நிறுவனம் ஒன்றின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்யும் பெண் திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்பது அங்கே விதி. திருமணமானவர்கள் அடிக்கடி வரமாட்டார்கள் என்று நிறுவனம் வாதிட்டது. கைம்பெண்ணுக்கும் பிள்ளைகள் இருக்கும், அவரை வைத்துக்கொள்கிறீர்களே என்ற போக்கில் நீதிமன்றம் அந்த விதியை ஏற்க மறுத்தது. 1979இல் சி.பி. முத்தம்மா வழக்கு, வெளியுறவுப் பணியில் பெண் திருமணம் செய்ய அரசிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி கண்டிக்கப்பட்டது. 1981இல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில் முதல் கர்ப்பத்தோடு வேலை நீக்கம் என்ற விதி செல்லாது என்றார்கள். பணியில் சேர்ந்து நான்காண்டுக்குள் திருமணம் கூடாது என்பதை மட்டும் அனுமதித்தார்கள். இந்த வழக்குகள் எல்லாம் உள்ளே இருந்த பெண்களைப் பற்றியவை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் கையில் நியமன ஆணையும் இல்லை, மறுப்புக் கடிதமும் இல்லை. எதைக் கொண்டு வழக்குப் போடுவார்?

கல்யாணம் ஆகாதவர்களாகத் தேர்ந்தெடுத்து உள்ளே எடுத்தவர்களை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு 2021 டிசம்பர் சாட்சி. விடுதி உணவு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகச் செய்தி. தரையில் படுக்கை, ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர், சில கழிப்பறைகளில் தண்ணீர் இல்லை என்றெல்லாம் பின்னர் வெளிவந்தது. யார் எந்த மருத்துவமனையில் என்று தோழிகளுக்குச் சொல்ல ஆளில்லை. சிலர் செத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகள் வந்து எல்லோரும் நலம் என்றார்கள். பெண்கள் நம்பவில்லை, காட்டுங்கள் என்றார்கள். உலகத்தின் விலையுயர்ந்த கைபேசிகளில் ஒன்றைக் கையால் இணைக்கிறவர்கள், பக்கத்துப் படுக்கைக்காரி உயிரோடு இருக்கிறாளா என்பதை அறிய மறுநாள் வரை பனியில் உட்கார வேண்டியிருந்தது. இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடு இருப்பதை வீடியோவில் காட்டிச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார். சாலையில் உட்கார்ந்த பெண்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது.

வதந்தியை நம்பிய முட்டாள் பெண்கள் என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. அவர்கள் நம்பாதது மேலதிகாரிகளின் வார்த்தையை. அதற்கு அவர்களிடம் அனுபவம் இருந்தது. 2010இலேயே இதே தொழிற்பேட்டையில் வாயு நெடியால் மயங்கிய தொழிலாளர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு.

அந்தப் பனி இரவுக்குப் பலன் இருந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர், ஆக 18,720 படுக்கைகள். தரைப்படுக்கையோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம், மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெருக்கல் கணக்கில் கைக்குழந்தைக்கு இடமில்லை. வாசல் கேள்வியைக் கட்டட வரைபடமும் கேட்கிறது.

என் வகுப்பில் படித்து, படிப்பு முடிந்ததும் கல்யாணமாகி, இந்தப் பக்கம் ஓர் ஆலையில் சேர்ந்த பெண் ஒருத்தி. பேருந்தில் ஏறியதும் மெட்டியைக் கழற்றிப் பர்ஸின் சில்லறை அறையில் போட்டுக்கொள்வாள். தாலியை மாமியார் பீரோவில் வைத்துக்கொண்டார். "சம்பளம் வருதே, போட்டும்" என்றாராம். ஊரே கூடிக் கட்டியதைக் கழற்ற இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. சாயங்காலம் திரும்பி வரும்போது பழையபடி போட்டுக்கொள்வதில் அவளுக்குப் பயம் இல்லை. பயம் வேறு. "மேம், மெட்டியக் கழட்டினாலும் விரல்ல வெள்ளையா தடம் இருக்கும். செருப்பக் கழட்டச் சொன்னா மாட்டிக்குவேன்." அதற்காக விரலில் மருதாணி வைத்துக்கொள்கிறாள்.

2024 நவம்பரில், ஆள் எடுக்கும் முகவர்கள் இனி விளம்பரத்தில் வயது, பாலினம், திருமண நிலை குறிப்பிடக் கூடாது என்று பாக்ஸ்கான் அறிவுறுத்தியதாகச் செய்தி வந்தது. நான் அதை அவளுக்கு அனுப்பினேன். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் பதில் வந்தது: "விளம்பரத்துலதானே மேம் எடுத்தாங்க?" கூடவே மருதாணி வைத்த காலின் படம்.