கேனிங் மந்தைத்தடம்: ஒரு பாலைவன அமைதியின் வரலாறு

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள ஹால்ஸ் கிரீக் என்னும் சிற்றூரையும் தெற்கிலுள்ள விலூனா என்னும் பொற்சுரங்க ஊரையும் இணைத்து ஏறத்தாழ 1,850 கி.மீ. நீளும் கேனிங் மந்தைத்தடம், சந்தடியற்ற வெளியில் வண்டியோட்டிச் சென்று கூடாரமடித்துத் தங்க விரும்புவோர் பல நாடுகளிலிருந்தும் தேடி வரும் வழியாக இன்று விளங்குகிறது. பெருமணல், சிறுமணல், கிப்சன் ஆகிய பாலைவனங்களை ஊடறுத்து, 800-க்கும் மேற்பட்ட மணல்மேடுகளில் ஏறியிறங்கும் இத்தடத்தில், நாள் முழுவதும் ஓட்டியும் எதிரே ஒரு வண்டியைக் காணாமல் போவது உண்டு. பயணிகள் போற்றும் இந்த அமைதி அந்நிலத்தின் இயல்பு என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் தடத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அது மனிதர் வாழ்ந்த நிலம் என்பதும், அவர்கள் அங்கிருந்து அகன்றதாலேயே இவ்வளவு வெறுமை வந்தது என்பதும் புலப்படும்.

தடம் தோன்றக் காரணமாக அமைந்தது மாட்டு உண்ணி என்னும் சிறு ஒட்டுண்ணி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கிம்பர்லி வட்டாரத்து மாடுகளிடம் உண்ணியும் அது பரப்பும் காய்ச்சலும் மிகுந்திருந்ததால், அவற்றைக் கப்பலேற்றித் தென்பகுதித் துறைமுகங்களுக்கு அனுப்புவது தடைசெய்யப்பட்டது. அதன் விளைவாகத் தென்பகுதியின் இறைச்சிச் சந்தை மேற்குக் கிம்பர்லிப் பண்ணையாளர் கையில் சிக்கி, தங்கவயல்களில் விலை ஏறியது. பாலைவனத்தின் வறட்சியில் உண்ணி பிழைக்காது என்பதால் மாடுகளை அதன் வழியே நடத்திக் கொண்டுவரலாம் என்று பண்ணையாளரும் சட்டமன்ற உறுப்பினருமான ஜேம்ஸ் இஸ்டெல் 1905-இல் முன்மொழிந்தார். 1896-97-இல் அதே பாலைவனத்தைக் கடந்த டேவிட் கார்னகி, மந்தை ஓட்டுவதற்கு அந்நிலம் உதவாது என்று எழுதியிருந்தபோதிலும், முயல்தடுப்பு வேலிக்கான நிலத்தை அளந்து பெயர்பெற்றிருந்த ஆல்ஃபிரட் கேனிங் என்பவரை அரசு 1906-இல் வழிகாண அனுப்பியது.

ஒட்டகங்களுடன் விலூனாவிலிருந்து புறப்பட்ட கேனிங் குழுவினருக்கு, ஒரு நாள் நடைக்கு ஒன்றாக நீர்நிலைகளைக் கண்டறிவதே தலையாய பணியாக இருந்தது. அவை இருந்த இடங்களோ மார்ட்டு, வல்மஜாரி முதலிய தொல்குடி மக்களுக்கு மட்டுமே தெரியும். ஆகவே குழுவினர் அம்மக்களைப் பிடித்துச் சங்கிலியால் பிணைத்து, நீர் இருக்குமிடத்துக்கு வழிகாட்டச் செய்தனர். இக்கொடுமையைக் குழுவின் சமையற்காரரே வெளிப்படுத்த, 1908-இல் விசாரணை ஆணையம் அமர்ந்தது. அது கேனிங்கைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவ்வாறு காட்டப்பட்ட நீர்நிலைகளுள் சில, ஜிலா என்று அம்மக்கள் அழைக்கும் வற்றாத ஊற்றுகள். 'உயிருள்ள நீர்' என்னும் பொருள்பட வழங்கும் இச்சொல், நீரை மட்டுமன்றி, அதனுள் உறைவதாக நம்பப்படும் பாம்பையும், அதைக் காக்கும் குடும்பத்தின் உரிமையையும் கடமையையும் சேர்த்தே குறிக்கும்.

1908-க்கும் 1910-க்கும் இடையில் தடம் நெடுகிலும் கிணறுகள் வெட்டப்பட்டன. இன்று 51 கிணறுகள் எண்ணிட்டுக் குறிக்கப்படுகின்றன. மணல் சரியாதிருக்கக் கிணற்றின் உட்சுவர்களுக்கு மரச்சட்டங்கள் அடைத்து, வாயின்மேல் இராட்டினம் பொருத்தி, அருகே மாடுகள் வரிசையாக நின்று குடிக்க நீண்ட தொட்டிகள் வைத்தனர். ஆழமான கிணறுகளில், தமிழகத்துக் கமலை இறைப்பில் காளைகள் வடத்தை இழுத்துச் செல்வதைப் போலவே, ஒட்டகமோ குதிரையோ கயிற்றை இழுத்து நடக்க, நீர் நிறைந்த பெரிய வாளி மேலேறி வந்தது. நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு ஏற்ற அந்த வாளியைத் தனியொருவர் தூக்குவது அரிது. காலங்காலமாகக் கையால் மணலைத் தோண்டி நீர் எடுத்து வந்த மக்களுக்கு, சொந்த ஊற்றே எட்டாப்பொருளாயிற்று. சில கிணறுகளை அவர்கள் உடைத்தும் எரித்தும் அழித்ததன் பின்னணி இதுவே.

1911-இல் முதல் மந்தைகளுள் ஒன்றை ஓட்டிச் சென்ற தாம்சன், ஷூஸ்மித் ஆகிய இருவரும் அவர்களுடன் சென்ற தொல்குடிப் பணியாளர் ஒருவரும் 37-ஆம் கிணற்றருகே கொல்லப்பட்டனர்; அதற்குப் பழிதீர்க்கச் சென்ற காவல் படையினர் தொல்குடியினர் பலரைச் சுட்டுக் கொன்றனர். இவ்வச்சத்தாலும் கிணறுகள் சிதைந்ததாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் மிகச் சில மந்தைகளே அவ்வழி வந்தன. முதுமையை எட்டியிருந்த கேனிங் 1930-இல் மீண்டும் சென்று கிணறுகளைச் செப்பனிட்ட பின்னர் போக்குவரத்து ஓரளவு உயிர்பெற்று, 1959-இல் கடைசி மந்தையுடன் முடிவுற்றது.

இதே காலத்தில் மக்களும் பாலைவனத்தை விட்டு வெளியேறினர். மந்தைகளைப் பின்தொடர்ந்து பண்ணை வேலைக்குச் சென்றவர்களும், மதநிறுவனங்களின் குடியிருப்புகளுக்கும் அரசு உணவுக்கிடங்குகளுக்கும் சென்றவர்களும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள ஊமெரா தளத்திலிருந்து ஏவப்படவிருந்த ராக்கெட்டுகளின் பாகங்கள் விழக்கூடிய பகுதி என்பதால், 1964-இல் பெர்சிவல் ஏரிகளை அடுத்து வாழ்ந்த 20 பெண்களையும் குழந்தைகளையும் அரசு அலுவலர்கள் தேடிக் கண்டுபிடித்து வெளியே அழைத்துச் சென்றனர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1968-இல், நில அளவையாளர் மூவர் முதன்முறையாக வண்டியில் அத்தடம் முழுவதையும் கடந்தபோது, அவர்கள் கண்டது ஆளற்ற வெளியாக இருந்ததில் வியப்பில்லை.

அதன்பின் ஒட்டகமும் மந்தையும் நடந்த தடத்தை ஃபோர்-வீல் டிரைவ் வண்டிகள், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் வண்டிகள், தமதாக்கிக் கொண்டன. மணலில் புதையாதிருக்கச் சக்கரங்களின் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதும், மேட்டின் மறுபுறம் வருவோர் கண்ணில் படுமாறு நெடுங்கழியில் கொடி கட்டிக்கொள்வதும், பீப்பாய்களில் எரிபொருளை முன்கூட்டியே 23-ஆம் கிணற்றருகே இறக்கிவைக்கச் செய்வதும் இவ்வழியின் பயண முறைகளாயின. வெயில் தணிந்த மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் இரண்டு மூன்று வாரங்கள் பயணம் செய்வோர், செம்பாறைச் சுவர்களுக்கிடையே வெண்பட்டை மரங்கள் நிழல்தரும் டர்பா சுனையிலும், பழைய கிணற்றடிகளிலும் கூடாரமடிக்கின்றனர். தங்க வாய்ப்பான இடம் என்று அவர்கள் கண்டுகொள்பவற்றுள் பெரும்பாலானவை முன்பு ஒரு குடும்பம் தங்கிய இடமே.

வெளியேறியவர்களின் உரிமை அறுந்துபோகவில்லை. தங்கள் நிலவுரிமையை நிறுவ வேறு ஆவணம் இல்லாத நிலையில், பெருமணல் பாலைவனத்து மக்கள் 1997-இல் 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள துணியை விரித்து, அதன்மேல் அமர்ந்து, தத்தம் ஜிலாக்களை அவரவரே வரைந்து, அந்த ஓவியத்தையே சான்றாக முன்வைத்தனர். மார்ட்டு மக்களின் உரிமையை 2002-இலும், ஓவியம் வரைந்த மக்களின் உரிமையை 2007-இலும் நீதிமன்றம் ஏற்றது. 'ஒரே பாதை' என்று பொருள்படும் 'இவாரா குஜு' என்னும் தலைப்பில் 2010-இல் கேன்பராவின் தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி, தடத்தின் கதையை அம்மக்களின் வாய்மொழியாலும் ஓவியங்களாலும் நாட்டுக்கு எடுத்துரைத்தது.

இன்று தடத்தில் செல்ல அந்நிலத்துக்குரியோரிடம் கட்டணம் செலுத்தி அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும். இதைத் தனிமைக்கு வந்த இடையூறாகக் கருதுவது பொருந்தாது. ஜிலாவை நெருங்கும் தொல்குடியினர், தாம் யார், எவரை உடன் அழைத்து வருகின்றனர் என்பதை ஊற்றுக்குக் கேட்குமாறு உரக்கக் கூறிய பின்னரே அருகில் செல்வர். புதியவரை அறிமுகம் செய்யாமல் நீரைத் தொட விடுவதில்லை. விலூனாவில் வண்டியைக் கிளப்புமுன் பயணி தன் பெயரைப் பதிந்து பெறும் சீட்டு, சங்கிலியுடன் நுழைந்த குழு 1906-இல் செய்யத் தவறிய அந்த அறிமுகமே ஆகும்.