ஒரு கோப்பைக் கோப்பியின் சரித்திரம்

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் அறுகம்பேயில் கடலும் தெருவும் ஒருங்கே விழித்துக்கொள்கின்றன. அலைமேல் சறுக்கி விளையாடுவதற்கென்று உலகின் நாலா திசைகளிலிருந்தும் மனிதர் வந்து கூடுகின்றனர். உல்லைத் தெருவின் உணவகங்களில் பளபளக்கும் இத்தாலியப் பொறிகள் நீராவியைச் சீறுகின்றன. இரண்டு மடக்குக்கும் போதாத கறுத்த பானம் சின்னஞ்சிறு கோப்பையில் சொட்டுச் சொட்டாக இறங்குகின்றது. அதன் பெயர் எஸ்பிரெஸோ. அப்பொறிகளின் பின்னால் நின்று உழைப்பவர்களில் பொத்துவில் இளைஞர் பலர்.

இரவு வேலை முடிந்து, இரண்டு மைல் கடந்து அந்த இளைஞன் வீடு சேரும்போது அங்கே வேறொரு கோப்பி காத்திருக்கின்றது. உம்மா சட்டியில் வறுத்து, வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் சேர்த்து உரலில் இடித்து, அரித்துப் போத்தலில் அடைத்து வைத்த தூள் அது. கொதிநீர் ஊற்றி மூடி வைத்து, மண்டி அடங்கியபின் சர்க்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு பருகும் கோப்பி.

முன்னதை நாகரிகம் என்றும் பின்னதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்றும் எண்ணும் மனப்பான்மை நம்மவரிடையே வளர்ந்து வருகின்றது. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் இடித்த கோப்பியைக் கொடுக்கக் கூசுகின்றோம். நீரில் உடனே கரையும் கடைத்தூளைத் தேடி ஓடுகின்றோம். இந்தக் கூச்சம் நியாயமானதுதானா? சரித்திரத்திடமே கேட்டுப் பார்ப்போம்.

கோப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதன் கொட்டையைப் பானமாக்கி உலகுக்கு அளித்த பெருமை, செங்கடலின் மறுகரையில் வாழ்ந்த யெமன் மக்களையே சாரும். 15 ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சூபிகள், இரவெல்லாம் விழித்திருந்து திக்ர் செய்வதற்குத் துணையாக அதனைப் பருகினர். தியான மடத்திலிருந்து அது கடைத்தெருவுக்கு வந்தது. கோப்பிக்கடை பிறந்தது, அங்கே நாலு பேர் கூடினர், கூடியவர்கள் பேசினர். மக்கள் கூடிப் பேசுவது ஆள்வோருக்கு எக்காலத்திலும் உவப்பானதன்று. 1511 இல் மக்காவின் அதிகாரியாயிருந்த கைர் பே கோப்பியைத் தடை செய்தான். ஆனால் கெய்ரோவிலிருந்த சுல்தானே அத்தடைக்கு ஆதரவளிக்கவில்லை, தடை நிலைக்கவுமில்லை. யெமனின் மொக்கா துறைமுகத்திலிருந்து கோப்பி உலகெங்கும் கப்பலேறியது. இன்று இத்தாலிய வீடுகளின் அடுப்பில் ஏறும் சிறு பாத்திரத்துக்கும் மொக்கா என்றே பெயர். ஐரோப்பியர் கோப்பி குடிக்கக் கற்றுக்கொண்டது கீழைத்தேசத்தாரிடம் என்பதற்கு அப்பெயர் ஒன்றே சாட்சி.

கோப்பிச் செடியை இலங்கைக்குக் கொண்டு வந்தவர்கள் அராபியரோடு தொடர்புடைய முஸ்லிம் வணிகரே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கண்டிக் கிராமத்தவர் நெடுங்காலம் அதன் கொட்டையைப் பொருட்படுத்தவில்லை. இலையைக் கறிக்கும் வெண்மலரை விகாரைக்கும் பயன்படுத்தி வந்தனர். கொட்டையின் மதிப்பை அறிந்து, கிராமம் கிராமமாக அதைச் சேகரித்து விலைப்படுத்தியவர்கள் முஸ்லிம் வியாபாரிகளே. நம் கரைக்கும் கண்டி மலைக்கும் உறவு நேற்றைய உறவன்று. 1626 இல் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்கள் கரையின் உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றின. மலையின் பாக்கையும் பிற விளைபொருளையும் கீழே இறக்கின. மலைக் கிராமங்களின் கோப்பியும் இத்தகைய பொதிகளிலேதான் கரையை அடைந்தது. அந்நாளில் கோப்பி வீட்டுக்கொல்லைச் செடி, குடியானவனின் சொத்து.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820 களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் என்பார் முதல் தோட்டங்களில் ஒன்றை அமைத்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தாமும் பயிரிட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததால் அங்கே கோப்பி விளைச்சல் குன்றியது. 1835 இல் இலங்கைக் கோப்பிக்கு இங்கிலாந்து இறக்குமதி வரியைச் சமப்படுத்தியது. மூலதனம் மலைநாட்டை நோக்கிப் பாய்ந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய நிலமாக்கிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த குடியானவன் ஒரே நாளில் அத்துமீறியவன் ஆனான். அந்நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் யார்? வர்த்தகர் மட்டுமல்லர், சட்டத்தை ஆக்கிய அதிகாரிகளும் அவர்களுள் இருந்தனர்.

நிலம் கிடைத்துவிட்டது, உழைப்பு வேண்டுமே! மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் நைந்துபோன மக்களைக் கங்காணிகள் திரட்டினர். அவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். நூற்றைம்பது மைல் வழி. குடிநீர் இல்லை, நிழல் இல்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன. வழியில் விழுந்தவர்களை எண்ணுவாரில்லை. எஞ்சியவர்கள் பழம் பறித்தனர், சதை களைந்தனர், உலர்த்தினர். அறுவடை முடிந்ததும் மீண்டும் அதே வழியில் நடந்தனர். கங்காணியிடம் பட்ட முன்பணக் கடன் மட்டும் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1867 இல் கண்டிக்கு இரயில் போனது மனிதருக்காகவன்று, கோப்பி மூட்டைக்காகவே என்று சொன்னால் மிகையாகாது. 1870 ஐ ஒட்டிய காலத்தில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பி இத்தீவை விட்டுக் கப்பலேறியது.

ஆனால் அழிவு அதற்கு முன்பே மடுல்சீமையில் முளைத்துவிட்டது. மடுல்சீமை நமக்குத் தொலைவான ஊரன்று. ஊவாவின் கிழக்கு விளிம்பில், நம் சமவெளியைப் பார்த்தபடி நிற்கும் மலை. 1869 இல் அங்கே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூந்தோட்டத்திலிருந்து இலைகள் இங்கிலாந்துக்குப் போயின. பார்க்கிலி என்னும் பூஞ்சண ஆய்வாளர் அந்நோய்க்கு ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ் என்று பெயரிட்டார். துரைமார் முதலில் பொருட்படுத்தவில்லை. விலை உயர்ந்திருந்ததால் மேலும் காடழித்து மேலும் கோப்பியே நட்டனர். 1880 இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, நோய்க்குக் காரணமான நுண்வித்துக்களைக் காற்றே சுமந்து செல்கின்றது என்று நிறுவினார். இடையே வேறு மரமின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டு வைத்தால் நோய்க்கு அதைவிட நல்ல பாதை வேறு வேண்டுமா? பேராசை வகுத்த பாதையிலே பூஞ்சணம் நடந்து சென்றது.

1884 மே மாதத்தில் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஒறியன்டல் வங்கி முறிந்தது. துரைமாரிற் பலர் நொடித்துப் போயினர். அவர்களுடைய துயரத்தை எழுதி வைத்தோர் பலர். வேலையும் கூலியும் இழந்து வன்னி வழியே திரும்பி நடந்த தொழிலாளியின் கணக்கை எழுதி வைத்தவர் மிகச் சிலர். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துறையில் பத்தொன்பது ஏக்கரில் நட்டிருந்த தேயிலை மலைகளைப் பிடித்தது. அது ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் பயிர். ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு லயன் காம்பராக்களில் தங்கினர். அவ்வாறு தங்கி நாட்டை வளர்த்தவர்களின் சந்ததியினரையே 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிற்று.

சரித்திரத்தின் விந்தையைப் பாருங்கள். இங்கே கோப்பி வங்கி முறிந்த அதே 1884 மே மாதத்தில், இத்தாலியின் தூரின் நகரில் ஆஞ்சலோ மொரியோந்தோ நீராவியால் கோப்பி இறக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1901 இல் மிலானில் லுயிஜி பெஸேரா, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கோப்பை நிரப்பும் வகையில் அதைத் திருத்தினார். 1933 இல் அல்பொன்ஸோ பியாலெத்தி மொக்கா பாத்திரத்தைச் செய்து, அந்தச் சுவையைத் தொழிலாளியின் அடுக்களைக்கும் கொண்டு வந்தார். 1948 இல் அக்கிலே காஜியாவின் நெம்புகோற் பொறி, காற்றழுத்தத்தைப்போல் எட்டு ஒன்பது மடங்கு அழுத்தத்தில் நீரைத் தள்ளிற்று. எஸ்பிரெஸோவின் மேலே மிதக்கும் பொன்னிற நுரை அப்போதுதான் பிறந்தது.

இவற்றில் மாயம் ஏதுமில்லை. நல்ல கோப்பியின் விதிகள் நான்கே: கொட்டை புதிதாக வறுபட வேண்டும், குடிக்கும் நேரத்தில் தூளாக வேண்டும், நீரின் சூடு கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், தூளின் பருமனும் நீரில் கிடக்கும் நேரமும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். எஸ்பிரெஸோவுக்கு முப்பது விநாடிக்கு மேல் அவகாசமில்லை. ஆகவே தூள் மிக நுண்மையாக இருக்கின்றது, அழுத்தம் தேவைப்படுகின்றது. உம்மாவின் கோப்பிக்கு நான்கு நிமிடம் உண்டு. ஆகவே சற்றுப் பருமனான தூளும் பொறுமையும் போதும். மெல்லிய தணலில் இடைவிடாது கிளறி, கொட்டை படபடவென்று வெடித்து மணம் கமழ்ந்ததும் சுளகில் கொட்டி ஆற்றுவது அவருக்கு யாரும் கற்பிக்காத கலை. கேத்தலை இறக்கி, கொதி அடங்கிய பின்னரே நீரை ஊற்றுவதும் அவ்வாறே. தூளைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கசக்கும் என்பதை அவர் நாவால் அறிந்தார். விஞ்ஞானி வெப்பமானியால் அறிந்தான்.

எஸ்பிரெஸோவின் சுவையை வீட்டில் விரும்புவோர் விலைமிக்க பொறிக்காக ஏங்க வேண்டியதில்லை. மொக்கா பாத்திரத்தின் அடிக்கலத்தில் ஆவித்திறப்புக்குக் கீழே வரை நீர் வார்த்து, நுண்ணிய தூளை அழுத்தாமல் நிரப்பிச் சிறு தீயில் வையுங்கள். களகளவென்ற ஒலி எழுந்ததும் இறக்கிவிடுங்கள். அதன் அழுத்தம் குறைவு. எனவே அது முழு எஸ்பிரெஸோ ஆகாது. ஆயினும் திடமான, மணமுள்ள கோப்பி நிச்சயம். கொட்டையை மட்டும் முழுதாக வாங்குங்கள். தூளாக வாங்கும்போது மணத்தையும் இழக்கின்றோம், கலப்படத்தையும் விலைகொடுத்து வாங்குகின்றோம்.

பொறியை வெறுக்கச் சொல்லவில்லை. மனித அறிவின் எந்த ஆக்கமும் மனிதருக்கெல்லாம் பொதுச் சொத்து. உல்லையில் பொறியை இயக்கும் இளைஞன், தூளின் பருமனையும் விநாடிகளையும் கணக்கிடக் கற்றுக்கொண்டது பாராட்டுக்குரிய தொழிற்றிறன். ஆனால் அத்திறனுக்குரிய கூலி அவனுக்குக் கிடைக்கின்றதா? பருவகாலம் முடிந்து தெரு வெறிச்சோடும்போது அவன் குடும்பம் என்ன செய்கின்றது? அவன் விற்கும் ஒரு கோப்பையின் விலையில், கொட்டையை விளைவித்த கைக்கு எத்தனை சதம் போகின்றது? அன்று கங்காணியின் கணக்கில் எழுதப்படாத கேள்விகள் இவை. இன்றும் விலைப்பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று ஊவா மலைகளைக் கடந்து நம் வயல்களில் அனலாக இறங்குகின்றது. அந்த மலைகளில் கோப்பித் துரைமாரின் பெயர்கள் சில தோட்டப் பெயர்களாக இன்னும் நிலைத்திருக்கின்றன. காடு வெட்டியவனின் பெயர் எங்கும் இல்லை. யெமன் சூபியிலிருந்து தவளம் ஓட்டிய வணிகன் வரை, வன்னியில் விழுந்த தொழிலாளியிலிருந்து உரலில் இடிக்கும் உம்மா வரை, எத்தனையோ கைகள் கடந்து வந்திருக்கின்றது நம் கோப்பி. அடுத்த முறை விருந்தாளி வரும்போது கூசாமல் அந்த இடித்த கோப்பியையே ஊற்றிக் கொடுங்கள். அது யாருடைய உழைப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.