வண்டி விளக்கு: அரிக்கேன் முதல் எல்.இ.டி. வரை



கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் இரவில் ரோட்டில் போகவே எனக்குப் பயம். ஏன் என்று உங்களுக்கே தெரியும். முன்னால் ஒரு டிரெய்லர் போகும். பின்னால் பொட்டு வெளிச்சம் இருக்காது. தோகை தொங்குகிற கரும்பும் இருட்டும் ஒரே நிறமாகி, பத்தடி கிட்டே போன பிறகுதான் "அடடா, வண்டி!" என்று தெரியும். பைக்கில் வருகிறவனுக்கு அந்தப் பத்தடி போதாது.

சென்ற பருவத்தில் ஓர் ஊரில் பயிற்சிக் கூட்டம் முடிந்ததும் ஒரு விவசாயி தம் டிராக்டரைக் காட்டக் கூட்டிப்போனார. கூரை மேலே நீளமாக ஓர் எல்.இ.டி. பட்டை விளக்கு. சுவிட்சைப் போட்டார், தென்னந்தோப்பே பகலாகிவிட்டது. "டிரெய்லருக்குப் பின்னாடி என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "பின்னாடி வர்றவன் பாத்து வரட்டும் சார்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவரிடம் சொல்ல நேரமில்லாமல் போன கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அது வண்டி விளக்கின் கதை.

நம் மாட்டு வண்டியிலிருந்தே ஆரம்பிப்போம். உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரவில் சந்தைக்குப் போகிற பாரவண்டியில், இருசுக்குப் பக்கத்தில் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவார்கள். வண்டிக்காரர் மூட்டை மேல் தூங்குவார், மாடு பாட்டுக்கு நடக்கும். அந்த விளக்கு எதற்கு? பாதை மாட்டுக்குத் தெரியும். தூங்குகிறவருக்கு வெளிச்சம் வேண்டாம். "இங்கே ஒரு வண்டி போகுது" என்று மற்றவர்களுக்குச் சொல்லத்தான் அந்த விளக்கு. அடியில் தொங்கியதால் முன்னாலிருந்தும் தெரியும், பின்னாலிருந்தும் தெரியும். வண்டி விளக்குக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, நாம் பார்ப்பது. மற்றொன்று, நம்மைப் பிறர் பார்ப்பது. நம் பெரியவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் கவனித்தார்கள்.

மோட்டார் வண்டி வந்ததும் இது தலைகீழாக மாறியது. வேகம் கூடியதால் முன்னால் வெளிச்சம் தேவைப்பட்டது. 1892-ல் தாமஸ் வில்சன் என்ற கனடா நாட்டுக்காரர் மின்சார உலையில் கால்சியம் கார்பைடை மலிவாகச் செய்ய வழி கண்டார். மாம்பழத்தைப் பழுக்க வைக்கக் கூடாது என்று இன்று தடை செய்திருக்கிறார்களே, அதே கார்பைடு கல்தான். அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் அசிட்டிலின் வாயு வரும். கொளுத்தினால் பளீரென்று வெள்ளையாக எரியும். கார்களின் முன் விளக்குக்கு இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1909-ல் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பேர் வாங்கிய பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோ, அதற்கு முன்னால் கார்களுக்கு இந்த அசிட்டிலின் விளக்கு செய்து விற்றுத்தான் பணம் சேர்த்தார்.

ஆனால் பின்னால்? பின்னால் ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு, சிவப்புக் கண்ணாடி போட்டது. காற்றடித்தால் அணையும். அணைந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முன்னுக்குப் பவிசு, பின்னுக்கு ஒப்புக்குச் சப்பாணி என்ற வழக்கம் அன்றைக்கே வந்துவிட்டது.

1912-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் செய்த மின்சார ஸ்டார்ட்டரும், அதோடு பேட்டரி விளக்கும் வந்தன. கை வலிக்க ஹேண்டில் சுற்றுவதும் தீக்குச்சி உரசுவதும் போயின. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டு எல்லாம் குண்டு பல்புதான். அதனுள்ளே இருக்கிற டங்ஸ்டன் கம்பி, மின்சாரம் பாய்ந்து வெள்ளைச் சூடாகி வெளிச்சம் தருகிறது. கொடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. டிராக்டர் உதறலில் அந்த மெல்லிய கம்பி எத்தனை நாள் தாங்கும்? வரப்பில் நாலு முறை ஏறி இறங்கினால் அறுந்துபோகிறது. டிரெய்லர் விளக்கு எரியாததற்குப் பாதிக் காரணம் நம் அசட்டை என்றால், மீதிக் காரணம் இந்தக் கம்பி.

1962-ஆம் ஆண்டு இரண்டு காரியம் நடந்தது. ஐரோப்பாவில் ஹாலஜன் பல்பைக் காரில் பொருத்தினார்கள். அது முன் விளக்குக்கு. அதே ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் நிக் ஹோலன்யாக் என்ற விஞ்ஞானி, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் தரும் முதல் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். கம்பி கிடையாது, நெருப்புச் சூடு கிடையாது. ஒரு சின்னப் படிகத் துண்டில் மின்சாரம் பாய்ந்தால் அதுவே ஒளி விடுகிறது. அந்த வெளிச்சம் என்ன நிறம் தெரியுமா? சிவப்பு!

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 1962-லேயே வந்துவிட்டது. நன்றாக ஒளிவிடும் நீல எல்.இ.டி. வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1993-ல் ஜப்பானில் ஷூஜி நாகமுரா அதைச் செய்து காட்டினார். அதற்கு வழி போட்ட அகாசாகி, அமானோ இருவருக்கும் அவருக்குமாகச் சேர்த்து 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலம் வந்த பிறகுதான், அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசி வெள்ளை வெளிச்சம் எடுத்தார்கள்.

இதற்கிடையில் 1974-ல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் ஒரு சோதனை நடந்தது. ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியல் அறிஞர் 343 டாக்சிகளில், இரண்டு பிரேக் விளக்கு போதாதென்று பின்னால் நடுவில் மூன்றாவது ஒன்றை வைத்தார். பத்து மாதம் கழித்துக் கணக்கெடுத்தால், அந்த டாக்சிகளைப் பின்னாலிருந்து இடித்த விபத்து மற்றவற்றைவிட 60 சதவீதம் குறைவு! 1986 மாடலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் அமெரிக்க அரசு அதைக் கட்டாயமாக்கியது. பழகப் பழக மக்களுக்குப் புதுமை போய், பலன் கடைசியில் 4 சதவீதம் அளவில் நின்றது. அதுவும் லட்சக்கணக்கான வண்டி ஓடுகிற நாட்டில் சின்ன விஷயமில்லை.

அந்த மூன்றாவது விளக்கில்தான் எல்.இ.டி. முதன்முதலாகக் காரில் ஏறியது. 1986 நிஸ்ஸான் கார் ஒன்றில் அப்படி வந்தது. 2000-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் பின் விளக்கு முழுவதும் எல்.இ.டி. ஆயிற்று. முன் விளக்குக்கு 2007-ல்தான், லெக்சஸ் காரில் வந்தது. அதாவது எல்.இ.டி. வண்டியின் பின்பக்கம் ஏறி, இருபது வருஷம் கழித்துத்தான் முன்பக்கம் வந்திருக்கிறது. நாம் மட்டும் முன்னால் மாட்டிவிட்டு, பின்னால் சாக்குப் பையைத் தொங்கவிட்டுப் போகிறோம்.

பின்பக்கம் பொருத்துவதில் இன்னொரு லாபம். குண்டு பல்பு சூடேறி முழு வெளிச்சம் வர சுமார் 0.2 வினாடி ஆகும். எல்.இ.டி. உடனே எரியும். பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் 0.2 வினாடியில் 3 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அது பைக்கின் நீளத்தைவிட அதிகம்.

பேட்டரிக் கணக்கையும் பாருங்கள். டிராக்டரும் டிரெய்லருமாக ஆறு இண்டிகேட்டர் பல்பு, ஒவ்வொன்றும் 21 வாட் என்று வைத்துக்கொள்வோம். வழியில் பஞ்சர் ஆகி, எல்லாவற்றையும் மினுக்கவிட்டு இரவு முழுக்க நிறுத்தினால், 12 வோல்ட்டில் சராசரி 5 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 50 ஆம்பியர்-மணி. காலையில் பேட்டரி படுத்துவிடும். அதற்குப் பயந்துதான் டிரைவர் விளக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். எல்.இ.டி. இதில் சின்னப் பங்குதான் குடிக்கும். விடிய விடிய எரியட்டும் என்று விடலாம்.

இனி மாற்ற நினைப்பவர்களுக்குச் சில விஷயம். சிவப்புக் கண்ணாடிக்குள்ளே வெள்ளை எல்.இ.டி. பல்பைப் போடாதீர்கள். வெள்ளை என்பது நீலமும் மஞ்சளும் கலந்தது என்று சொன்னேனே, அதில் சிவப்பு குறைச்சல். கண்ணாடி மற்றதைத் தடுத்துவிடும், பழைய பல்பைவிட மங்கலாகத் தெரியும். சிவப்புக்குச் சிவப்பு, இண்டிகேட்டர் மஞ்சளுக்கு மஞ்சள் என்று கேட்டு வாங்குங்கள்.

இண்டிகேட்டரை மாற்றினால் சில வண்டியில் தடதடவென்று வேகமாக மினுக்கும். பழைய பிளாஷர், மின்சாரம் குறைவாகப் போவதைப் பார்த்து "பல்பு போய்விட்டது" என்று நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் பிளாஷரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

டிரெய்லரில் பெரிய தொல்லை எர்த். பல பேர் எர்த் ஒயரே இழுப்பதில்லை. கொக்கியும் ஊசியும் தொட்டுக்கொண்டிருக்கிறதே, போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே துருவும் கிரீசும் சேர்ந்தால் விளக்கு ஒரு குழியில் எரியும், அடுத்த குழியில் அணையும். எர்த்துக்குத் தனி ஒயர் போடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் எல்.இ.டி. எரியாது, அதையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். தண்ணீர் புகாத, முழுதாக மூடிய விளக்காக வாங்குவது நல்லது. சேற்றில் இறங்கும் வண்டி அல்லவா? கரும்பு ஏற்றினால் தோகை விளக்கை மறைக்கும். மறைக்காத இடத்தில் ஒரு கம்பி நீட்டி அதில் பொருத்துங்கள். சிவப்பு ஒளிர்பட்டையும் ஒட்டிவிடுங்கள், பேட்டரியே போனாலும் அது வேலை செய்யும்.

முன் விளக்கு விஷயத்தில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஹாலஜன் பல்புக்காகச் செய்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைச் சொருகினால், ஒளி வரும் இடம் மாறிப்போய் வெளிச்சம் கண்டபடி சிதறும். எதிரே சைக்கிளில் வருகிற நம்ம ஊர்க்காரர் கண் கூசி வாய்க்காலில் விழுவார். மாற்றத்தான் வேண்டுமென்றால், சாலைக்கென்று அங்கீகாரம் பெற்ற முழு விளக்காக மாற்றுங்கள். கூரைப் பட்டை விளக்கு வயலுக்கு. இரவு உழவுக்கும் அறுவடைக்கும் அது அருமையான சாமான். ரோட்டில் ஏறியதும் அணைத்துவிட வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். பின் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்கிற கணக்கு. இருட்டிய பிறகு பையனை வண்டிக்குப் பின்னால் சுமார் 200 தப்படி நடந்துபோய் நிற்கச் சொல்லுங்கள். முதலில் வெறும் பின் விளக்கு, பிறகு பிரேக்கை மிதியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அவனுக்கு அங்கிருந்தே பளிச்சென்று தெரிகிறதா என்று குரல் கொடுத்துக் கேளுங்கள். சில மலிவு விளக்குகளில் இரண்டும் ஒரே மாதிரி எரியும். தெரியவில்லை என்று சொன்னால், விளக்கைக் கழற்றிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள். பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.